கூடுமிடமும் அடைப்பும்: கொல்கத்தா லொரேட்டோ வளாகங்களின் வரலாறு

‘கான்வென்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனத்தில் முதலில் எழுவது பள்ளிக்கூடம். கன்னியர் மடம் பிறகுதான் நினைவுக்கு வரும். கன்னியர் ஒருவர்கூட இல்லாத தனியார் பள்ளிகளும் இச்சொல்லைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்கின்றன. மணமகள் தேவை விளம்பரங்களில் அது ஆங்கிலவழிக் கல்விக்கும் குடும்ப அந்தஸ்துக்கும் குறியீடாக நிற்கிறது. இச்சொல்லின் மூலம் ‘கான்வென்டுஸ்’ என்னும் இலத்தீன் சொல். ‘ஒன்றுகூடுதல்’ என்பது அதன் பொருள். மடத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகளில் ‘கிளாய்ஸ்டர்’ என்றொரு சொல்லும் உண்டு. அதன் மூலமான ‘கிளாவுஸ்ட்ரும்’ அடைப்பையும் தாழையும் குறிக்கும். ஒரே கட்டடத்தை ஒரு சொல் கூடுமிடம் என்கிறது. மற்றொரு சொல் அடைப்பு என்கிறது. இந்தியாவின் பழமையான கான்வென்ட் பள்ளிகளின் கட்டடங்களும் தோட்டங்களும் இவ்விரு பொருள்களுக்கும் இடையிலேயே வாழ்ந்து வந்திருக்கின்றன. கொல்கத்தாவின் லொரேட்டோ வளாகங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து பிரியும் மிடில்டன் ரோவில், 7ஆம் எண் வளாகத்தில் அமைந்திருக்கிறது லொரேட்டோ ஹவுஸ். 1842 ஜனவரியில் இங்குப் பள்ளி தொடங்கியது. ஆனால் இவ்விடத்தின் வரலாறு கன்னியரோடு தொடங்கவில்லை. 1760 முதல் 1764 வரை வங்காள ஆளுநராக இருந்த ஹென்றி வான்சிட்டார்ட்டின் தோட்ட வீடு இங்குதான் இருந்தது. அதன்பின், 1774இல் நிறுவப்பட்ட கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பே இங்கு வாழ்ந்தார். 1775இல் மகாராஜா நந்தகுமாருக்குத் தூக்குத் தண்டனை விதித்த வழக்கின் நீதிபதிகளுள் தலைமையானவர் இவரே.

இம்பே தம் வீட்டைச் சூழ்ந்த நிலத்தில் மான்கள் வளர்த்தார். பக்கத்துச் சாலை ‘பார்க் ஸ்ட்ரீட்’ என்று பெயர் பெற்றது அந்த மான் பூங்காவால்தான். அதற்கு முன்னர் அச்சாலைக்கு ‘இடுகாட்டுச் சாலை’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கியது. 1767இல் திறக்கப்பட்ட ஐரோப்பியர் இடுகாட்டுக்குச் சவ ஊர்வலங்கள் சென்ற வழி அது. இன்று அதன் அதிகாரப்பூர்வப் பெயர் மதர் தெரசா சரணி. மிடில்டன் ரோவும் சர் வில்லியம் ஜோன்ஸ் சரணி ஆகிவிட்டது. சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மொழிகளின் உறவை 1786இல் எடுத்துரைத்த அதே ஜோன்ஸ்தான். அவர் நீதிபதியாக இருந்தது இம்பே தலைமை வகித்த நீதிமன்றத்தில், அடக்கம் செய்யப்பட்டது அந்த இடுகாட்டில். பூங்கா மனைகளாகிவிட்டது, மான்கள் மறைந்துவிட்டன. சாலைப் பெயர்களை வரிசைப்படுத்தினால் வளாகத்தின் வரலாறு பாதி கிடைத்துவிடுகிறது.

‘தோட்ட வீடு’ என்பது 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் கட்டட வகைகளுள் ஒன்று. வங்காளியில் அதனைப் ‘பாகான் பாடி’ என்பர். சென்னையிலும் அக்காலத்து வணிகரும் அதிகாரிகளும் இத்தகைய வீடுகளைக் கட்டினர். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், உயர்ந்த கூரை, தென்காற்றை வரவேற்கும் தூண் வரிசைத் தாழ்வாரம், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் மரப்பலகைச் சன்னல்கள் ஆகியவை அதன் பொது இயல்புகள். வீடு தெருவை ஒட்டி நிற்காது; தோட்டத்தின் நடுவே ஒதுங்கி நிற்கும். நகரின் நெரிசலிலிருந்தும் நோயிலிருந்தும் தன் உரிமையாளரை விலக்கி வைப்பது அத்தோட்டத்தின் வேலை. மதிலும் வாயிற்காவலும் அதிகாரத்தின் அடையாளங்கள்.

இப்படிப்பட்ட மாளிகைக்குக் கன்னியர் வந்து சேர்ந்த கதை இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்த மேரி வார்டிடம் தொடங்குகிறது. 1609இல் அவர் பெண்களுக்கென ஒரு துறவுச் சபையைத் தோற்றுவித்தார். பெண் துறவியர் அடைப்புக்குள் வாழ வேண்டும் என்பதைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் வலியுறுத்தியிருந்தது. மேரி வார்டு அந்த அடைப்பை ஏற்கவில்லை. இயேசு சபைத் துறவியரைப் போலப் பெண்களும் ஊர் ஊராகச் சென்று கற்பிக்க வேண்டும் என்றார். 1631இல் திருத்தந்தை எட்டாம் உர்பன் அச்சபையை ஒடுக்கினார். மேரி வார்டு மியூனிக்கில் ஒரு மடத்தில் சிறைவைக்கப்பட்டார். அடைப்பை மறுத்தவருக்கு அடைப்பே தண்டனையானது. அவரைச் சபையின் நிறுவனராக உரோமை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது 1909இல்தான்.

அவர் வழி வந்தவர்கள் 1686இல் யார்க் நகரில் ஓர் இல்லத்தை நிறுவினர். கத்தோலிக்க வழிபாடு சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. 1769இல் அங்குத் திறக்கப்பட்ட சிற்றாலயத்தின் குவிமாடத்தைத் தெருவிலிருந்து காண முடியாது. சாதாரண வீட்டுக் கூரை ஒன்று அதனை மறைக்கிறது. சோதனையிட ஆட்கள் வந்தால் கலைந்து தப்ப எட்டு வாயில்கள் வைக்கப்பட்டன. தரைக்கடியில் குருவானவர் ஒளிந்துகொள்ள ஓர் இடமும் உண்டு. இங்குக் கட்டடம் தன்னை வீடாகக் காட்டிக்கொண்டு மடமாக வாழ்ந்தது. ஒரு வீட்டை மடமாக்கும் கலையை இச்சபையினர் ஆடம்பரத்தில் கற்கவில்லை, அச்சத்தில் கற்றனர்.

யார்க்கில் பயின்று அங்கேயே துறவு பூண்ட அயர்லாந்துப் பெண் தெரசா பால், 1822இல் டப்ளினை அடுத்த ரத்பார்னமில் 18ஆம் நூற்றாண்டுச் செல்வர் மாளிகை ஒன்றை மடமும் பள்ளியுமாக மாற்றினார். அதற்கு இத்தாலியின் திருத்தலமான லொரேட்டோவின் பெயரைச் சூட்டினார். நாசரேத்தில் மரியாள் வாழ்ந்த வீட்டை வானதூதர் சுமந்துவந்து இறக்கிய ஊர் அது என்பது கத்தோலிக்க மரபு. இடம்பெயர்ந்த ஒரு வீட்டின் பெயர் அடுத்தடுத்து இடம்பெயர்ந்த வீடுகளுக்கெல்லாம் வாய்த்தது.

1841 ஆகஸ்டில் அயர்லாந்திலிருந்து இளம்பெண்கள் பன்னிருவர் கப்பலேறினர். தலைவியான டெல்பின் ஹார்ட்டே இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். நான்கு மாதப் பயணத்துக்குப் பின் அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவில் இறங்கிய அவர்கள், இரு வாரங்களுக்குள் மிடில்டன் ரோவில் பள்ளியைத் திறந்துவிட்டனர். இவ்வளவு விரைவில் இது கைகூடியதற்குக் கட்டடமும் ஒரு காரணம். விருந்துக் கூடங்கள் வகுப்பறைகளாயின. தாழ்வாரங்கள் வகுப்புகளை இணைக்கும் வழிகளாயின. ஆளுநரின் வசதிக்காக அமைந்த ஒதுக்கம் கன்னியரின் அடைப்புக்கும் அப்படியே பொருந்தியது. தெருவுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த தோட்டமே, வெளியே செல்ல இயலாதவர்களுக்கு உலாவும் வெளியானது; மாணவிகளுக்கு அதுவே விளையாட்டுத் திடல்.

அடைப்பை மறுத்த ஒரு பெண்ணின் வழிவந்த சபை, பேரரசின் மதிலுக்குள் குடியேறியது என்பதே இவ்வளாகத்தின் முரண். அம்மதில் பெண் கல்விக்குப் பாதுகாப்பளித்தது என்பதும் உண்மை. யாருடைய பெண்கள் உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானித்தது என்பதும் உண்மை. தொடக்கத்தில் மிடில்டன் ரோ, கட்டணம் செலுத்தக்கூடிய ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் இடமாக இருந்தது. ஆதரவற்ற சிறுமியருக்கு 1840களிலேயே நகரின் கிழக்கே எண்டாலியில் தனி வளாகம் எழுந்தது. ஒரே சபையின் இரு மதில்களுக்குள் இரு வர்க்கங்கள் வளர்ந்தன.

எண்டாலி வளாகத்தில்தான் அந்த முரண் வெடித்தது. ரத்பார்னமில் சில வாரங்கள் ஆங்கிலம் கற்று, 1929 ஜனவரியில் கல்கத்தா வந்து, டார்ஜிலிங் மடத்தில் துறவுப் பயிற்சி பெற்ற அல்பேனியப் பெண் ஒருவர், 1931 முதல் அவ்வளாகத்தின் வங்காளிவழிப் பள்ளியான செயின்ட் மேரிஸில் புவியியலும் வரலாறும் கற்பித்தார். 1944இல் அதன் தலைமை ஆசிரியரானார். பின்னாளில் அன்னை தெரசா என்று உலகம் அறிந்தவர் இவரே. மதிலுக்கு அப்பால் இருந்தது மோதிஜில் சேரி. மாணவிகள் அங்குச் சென்று வந்தனர். ஆசிரியரோ அடைப்பு விதிக்கு உட்பட்டவர். 1946 ஆகஸ்ட் கலவரத்தின்போது உணவு வரத்து நின்றுபோக, விடுதியிலிருந்த ஏறத்தாழ 300 சிறுமியருக்காக அவர் விதியை மீறித் தெருவில் இறங்கினார்.

சபைக்கு வெளியே பணியாற்ற 1948இல் அவருக்கு உரோமை அளித்த இசைவின் பெயர் ‘எக்ஸ்கிளாஸ்ட்ரேஷன்’. ‘கிளாவுஸ்ட்ரும்’ என்னும் அதே வேர்ச்சொல்லோடு, வெளியே என்று பொருள்தரும் முன்னொட்டு சேர்ந்தது அது. அடைப்பு நீக்கம் என்று தமிழில் சொல்லலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் எண்டாலி வாயிலைக் கடந்த அவர், டிசம்பரில் மோதிஜிலில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்குக் கட்டடம் இல்லை. கரும்பலகை இல்லாததால் குச்சியால் மண்ணில் எழுத்துகளை எழுதிக் காட்டினார். லொரேட்டோ வளாகங்களின் கட்டடக்கலை வரலாற்றில் சுவரே இல்லாத அந்தப் பள்ளிக்கும் இடமுண்டு.

வெளியே செல்வது ஒரு வழி. வாயிலைத் திறப்பது மற்றொரு வழி. 1857இல் தொடங்கப்பட்ட லொரேட்டோ சியால்டா பள்ளியில் இரண்டாவது வழியைத் தேர்ந்தவர் அயர்லாந்தில் பிறந்த சிஸ்டர் சிரில் மூனி. 1979இல் அதன் முதல்வரான அவர், கட்டணம் செலுத்துவோரும் செலுத்த இயலாதோரும் ஒரே வகுப்பில் அமரும்படி சேர்க்கை முறையை மாற்றினார். 1985இல் தெருவோரச் சிறுமியருக்காக ‘ரெயின்போ’ திட்டத்தைத் தொடங்கினார். பள்ளி மாணவிகளே அவர்களுக்கு ஆசிரியராயினர், மொட்டைமாடி தங்குமிடமாயிற்று. புதிய கட்டடம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இருந்த கட்டடத்தின் பொருள் மாறியது.

மரபுக் கட்டடங்களை ஆவணப்படுத்துவோர் தூண்களின் பாணியையும், சுண்ணாம்புப் பூச்சையும், கட்டிய ஆண்டையும், உரிமையாளரின் பெயரையும் குறித்துக்கொள்கின்றனர். அந்த அளவோடு நின்றால் மிடில்டன் ரோ வளாகம் ஓர் ஆளுநரும் ஒரு நீதிபதியும் வாழ்ந்த இடமாகவே பதிவாகும். அவர்கள் இருந்தது சில ஆண்டுகள். பெண்கள் அங்குக் கற்கத் தொடங்கி 180 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பள்ளிக் கட்டடத்தைப் பொறுத்தவரை அதன் பயன்பாடே அதன் மரபின் முதன்மைப் பகுதி. எந்தக் கூடம் எப்போது வகுப்பறையானது, எந்த வாயில் யாருக்காகத் திறந்தது, யாருக்கு எந்த ஆண்டுவரை மூடியிருந்தது என்ற விவரங்கள் கட்டட வரைபடத்தில் இரா; சேர்க்கைப் பதிவேடுகளிலும் பழைய மாணவிகளின் நினைவிலும் இருக்கும். காரை பெயர்ந்தால் மீண்டும் பூசலாம். பதிவேடு செல்லரித்தால் அவ்வாறு மீட்க முடியாது.

லொரேட்டோ ஹவுஸை அடுத்து நிற்கிறது, 1841இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித தோமையார் ஆலயம். 1997 செப்டம்பரில் அன்னை தெரசாவின் உடல் அரசு மரியாதை ஊர்வலத்துக்கு முன்னர் ஒரு வாரம் அங்குதான் வைக்கப்பட்டிருந்தது. எண்டாலி மதிலைக் கடந்து சென்றவரைக் காண, மிடில்டன் ரோ மதிலையொட்டி நகரத்து மக்கள் நாள்தோறும் வரிசையில் நின்றனர். ‘கான்வென்டுஸ்’ என்னும் சொல்லின் முதற்பொருள் அந்த ஒரு வாரம் அத்தெருவுக்குத் திரும்பி வந்திருந்தது.