எதிராளி கொண்டுவந்த தெர்மாமீட்டர்

நான் எழுதிய புரோகிராமை இன்னொருத்தர் சோதிக்கும்போது இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். அப்போதெல்லாம் லெவ் ஆர்ட்சிமோவிச்சை நினைத்துக்கொள்வேன்.

1968, நோவோசிபிர்ஸ்க் மாநாடு. மாஸ்கோவின் டி-3 டோகமாக்கில், காந்தப்புலத்துக்குள் அடைத்த பிளாஸ்மா ஏறக்குறைய ஒரு கோடி டிகிரியை எட்டிவிட்டது என்றது அவருடைய குழு. மேற்கில் பலர் நம்பவில்லை. பிரிட்டன் 1958இல் ஸீட்டா கருவியில் அணுக்கரு இணைவு நடந்துவிட்டதாக அறிவித்து, சில மாதங்களிலேயே பின்வாங்கியிருந்தது. சூடு கண்ட பூனை, வேறென்ன செய்யும்?

பனிப்போர் காலம். ஆனாலும் ஆர்ட்சிமோவிச் அந்த பிரிட்டிஷ்காரர்களையே வந்து அளக்கச் சொன்னார். கல்ஹாம் ஆய்வகக் குழு டன் கணக்கில் கருவிகளோடு மாஸ்கோ போய் இறங்கியது. இருபதுகளில் இருந்த டெரெக் ராபின்சனும் அதில் ஒருவர்.

பிளாஸ்மாவுக்குள் லேசரைப் பாய்ச்சினார்கள். எலக்ட்ரான்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றனவோ, சிதறும் ஒளியின் அலைநீளம் அவ்வளவு அகலமாகப் பரவும். அந்த அகலம்தான் தெர்மாமீட்டர்.

1969இல் விடை வந்தது: சோவியத் கணக்கு சரி. அடுத்த ஆண்டே பிரின்ஸ்டன் தன் ஸ்டெல்லரேட்டரை டோகமாக்காக மாற்றியது. ராபின்சன் பிற்காலத்தில் கல்ஹாமின் இணைவு ஆராய்ச்சிக்கே தலைமை ஏற்றார்.

எண் குறைவாக வந்திருந்தால் ஆர்ட்சிமோவிச்சின் மானம் உலகத்துக்கு முன்னால் போயிருக்கும். அது தெரிந்தேதான் கதவைத் திறந்துவிட்டார்.