மூலையில் அமர்ந்தவர்: மேற்குச் சென்னைச் சதுரங்கமும் உடன்செல்வோரின் பணியும்

மேற்குச் சென்னைப் புறநகர்களின் சதுரங்க எழுச்சியைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களில் ஒன்றில் போய் நின்றுவிடுகின்றன. விசுவநாதன் ஆனந்த் என்னும் முன்னுதாரணம் ஒரு தலைமுறையையே பலகைக்கு முன் உட்கார வைத்தது என்பது ஒரு விளக்கம். முகப்பேரிலும் மேல் அயனம்பாக்கத்திலும் உள்ள வேலம்மாள் பள்ளிகள் வருகைப்பதிவில் காட்டிய தாராளமே காரணம் என்பது மற்றொன்று. பெற்றோர் இரண்டிலும் வருகிறார்கள், ஆனால் நன்றியுரைக்குரிய இடத்தில்தான் வருகிறார்கள். அவர்கள் செய்தது தியாகம் என்று எழுதிவிட்டு ஆய்வாளர் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அவர்கள் செய்தது விவரிக்கத்தக்க, ஒப்பிடத்தக்க, செலவுக்கணக்கு போடத்தக்க ஒரு பணி என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது, எதிர்த்தரப்பு தனக்குச் சாதகம் என்று அதிகம் காட்டும் ஆவணத்தையே.

2023 ஆகஸ்டில் பாகு நகரில் உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜுன் எரிகைசியை பிரக்ஞானந்தா வென்ற நாளில் எடுக்கப்பட்ட படங்கள் அவை. ஒன்றில் மகன் செய்தியாளர்களுக்குப் பதில் சொல்கிறார். புடவையில் தாய் நாகலட்சுமி சற்றுத் தள்ளி நின்று அவரையே பார்க்கிறார். மற்றொன்றில் அவர் ஒரு மூலையில் தனியே அமர்ந்திருக்கிறார். நாடு முழுவதும் பரவிய இந்தப் படங்கள் தாய்மையின் மௌன உருவமாக வாசிக்கப்பட்டன. ஆய்வுலகமும் ஏறக்குறைய அதே வாசிப்பைத்தான் அடிக்குறிப்புகளோடு திரும்பச் சொன்னது.

இந்த வாசிப்பில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெருமிதம் அந்த முகத்தில் தெரிகிறது. ஆனால் படத்தில் இருப்பவரே பின்னர் இதழ்களுக்குச் சொன்னதை வைத்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. ஆட்ட அரங்கின் அமைதியில் தன் நெஞ்சு அடிப்பது பிறர் காதில் விழுந்துவிடுமோ என்று அஞ்சியதாக அவர் சொன்னார். ஆட்டம் நடக்கும்போது பிள்ளைகளின் கண்களை நேராகப் பார்ப்பதே இல்லை, தன் மனநிலை அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, என்றும் சொன்னார். முதல் கூற்றைத் தலைப்பாக்கியவர்கள் இரண்டாவதைக் கவனிக்கவில்லை. முதலாவது உணர்ச்சி, இரண்டாவது அந்த உணர்ச்சியின் மீது, ஆட்டக்காரரின் நலன் கருதி, பல ஆண்டுகளாகப் பழகிய கட்டுப்பாடு. பயிற்சியாளர் ஒருவர் இதைச் செய்தால் தொழில் ஒழுங்கு என்போம். தாய் செய்யும்போது மட்டும் அதைப் பாசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மின் அடுப்பையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நாகலட்சுமி போட்டிகளுக்கு இண்டக்ஷன் அடுப்பும் பாத்திரங்களும் எடுத்துச் செல்வார், சாதமும் ரசமும் அறையிலேயே தயாராகும் என்பது ஊரறிந்த செய்தி. அதை மண்வாசனைத் துணுக்காக ரசித்தவர்களே அதிகம். பாகு உலகக் கோப்பை ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 24 வரை நடந்தது. நான்கு வாரத்துக்குச் சிறிது குறைவு. பதினெட்டு வயது ஆட்டக்காரர் ஒருவர் நகமுரா, கரூவானா ஆகியோரைக் கடந்து இறுதி வரை போகும் அத்தனை நாளும் வயிறு கெடாமல் இருக்க வேண்டும். அதே தொடரின் இறுதிச் சுற்றில் மேக்னஸ் கார்ல்சன் உணவு ஒவ்வாமல் சோர்ந்திருந்ததாகத் தாமே சொன்னார். இரண்டாவது ஆட்டத்தை விரைவில் சமனில் முடித்துக்கொண்டார். சமன்முறிவில் வென்றவர் கார்ல்சன்தான். ஆகவே ரசத்துக்கும் கோப்பைக்கும் நேர்க்கோடு போட நான் துணியவில்லை. ஆனால் உலகின் முதல்நிலை வீரரையே சாய்த்த ஓர் ஆபத்துக்கு எதிராக ஒருவர் நாள்தோறும் வேலை செய்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

படத்தைக் கண்டு காஸ்பரோவ் வெளியிட்ட வாழ்த்தையும் இங்கே சேர்க்க வேண்டும். தம் தாய் போட்டிதோறும் உடன்வந்ததை நினைவுகூர்ந்து, அது ஒரு தனிவகை ஆதரவு என்றார் அவர். கிளாரா காஸ்பரோவா மகனின் மேலாளராகவே செயல்பட்டவர் என்பது சதுரங்க உலகுக்குத் தெரியும். மூலையில் அமர்ந்தவரின் வேலை என்ன என்பதை எங்கள் துறையைவிட ஒரு முன்னாள் உலகச் சாம்பியன் சரியாக அடையாளம் கண்டார் என்றே நினைக்கிறேன்.

மகனைப் பெற்ற தாய் என்ற சட்டகமும் பொருந்தவில்லை. பிரக்ஞானந்தாவின் பாடி வீட்டில் பலகை முதலில் வந்தது அவருடைய அக்கா வைஷாலிக்காக. தொலைக்காட்சியிலிருந்து மகளைத் திருப்பச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள். செலவை எண்ணி மகனையும் அதில் இறக்கத் தந்தை ரமேஷ்பாபு முதலில் தயங்கினார். 2012இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டத்தை வைஷாலி வென்றபோது தம்பிக்கு வயது ஏழு. கூட்டுறவு வங்கிப் பணியில் தந்தை, பயணத்தில் தாய் என்னும் ஏற்பாடு ஒரு பெண்ணின் ஆட்டத்துக்காக உருவானது. தம்பி அதில் பின்னர் சேர்ந்தார். 2023 இறுதியில் வைஷாலியும் கிராண்ட்மாஸ்டர் தகுதியை எட்டி, அக்காவும் தம்பியுமாக அப்பட்டத்தைப் பெற்ற உலகின் முதல் இணையானபோது அந்த ஏற்பாட்டின் முழு அளவு தெரிந்தது. பாகு படத்தின் வாசகர்களுக்கு அவர் கண்ணில் படவே இல்லை.

இதைவிட வலுவான சோதனை குகேஷின் வீடு. அங்கே உடன்சென்றவர் தந்தை. காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை மருத்துவரான ரஜினிகாந்த் தம் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு பயணம் செய்தார். நுண்ணுயிரியலாளரான தாய் பத்மாவின் வருமானத்தில் குடும்பம் நடந்தது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று வென்று குகேஷ் உலகச் சாம்பியனானபோது, அரங்குக்கு வெளியே அந்தத் தந்தை நிலைகொள்ளாமல் நடந்த காட்சியும் உலகம் சுற்றியது. மருத்துவர் கைவிட்ட தொழிலைப் பற்றிப் பேசினார்கள். நாகலட்சுமியின் விஷயத்தில் தாய்மையைப் பற்றிப் பேசினார்கள். செய்த வேலை ஒன்றே. தாய்மை என்பது விளக்கமாக இருந்தால் ரஜினிகாந்தை எங்கே வைப்பது?

இனி ஆனந்த். அவருடைய தாக்கத்தை நான் குறைக்கவில்லை. 2020இல் தொடங்கிய வெஸ்ட்பிரிட்ஜ் ஆனந்த் அகாதெமியில் அவர் இந்த இளைஞர்களுக்கு நேரடியாகவே வழிகாட்டினார். ஆனால் அந்த முன்னுதாரணத்தின் தொடக்கம் எங்கே? எழுபதுகளின் இறுதியில் மணிலாவில், சிறுவன் பள்ளியில் இருக்கும் மதிய நேரத்தில் ஒரு தொலைக்காட்சிச் சதுரங்க நிகழ்ச்சி வரும். தாய் சுசீலா அன்றைய புதிரைக் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் விடை கண்டு அஞ்சலில் அனுப்புவார்கள். பரிசுப் புத்தகங்களை அவன் அள்ளிக்கொண்டே போனதால், வேண்டியதை எடுத்துக்கொள், இனி எழுதாதே என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்கள். ஆனந்தின் தாக்கம் என்று நாம் சொல்வதன் அடியிலும் குறிப்பேட்டோடு ஒரு தாய் அமர்ந்திருக்கிறார்.

பள்ளிதான் காரணம் என்போருக்கு என் பதில் சுருக்கமானது. நான்காம் வகுப்புக்குப் பின் குகேஷ் முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளி இசைந்தது, நல்லது. ஆனால் படிப்பைப் பணயம் வைக்கும் அந்த முடிவைச் சுமந்தவர்கள் பெற்றோர். அப்படிச் சுமக்க இயலாத வீடுகளில் என்ன ஆகிறது என்பது கூர்மையான ஆட்சேபம். தந்தையைச் சிறுவயதிலேயே இழந்து, மதுரையிலிருந்து வந்த அரவிந்த் சிதம்பரத்துக்குப் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் துணைநின்றார். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியோடு செஸ் குருகுல் நடத்திவருபவர் அவர். பணிக்கு இரத்த உறவு கட்டாயமில்லை என்பதையே இது காட்டுகிறது. என் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறதே தவிரக் குறைக்கவில்லை. இதெல்லாம் நடுத்தர வர்க்கக் கதை என்ற விமரிசனமும் உண்டு. ஆம், அதனால்தான் இந்தப் பணிக்கு யார் பணம் கட்டினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பாகுவிலிருந்து திரும்பிய பிரக்ஞானந்தாவுக்குத் தமிழக அரசு 30 லட்சம் ரூபாய் வழங்கியது. உலகச் சாம்பியன் குகேஷுக்கு 5 கோடி. இரண்டும் வெற்றிக்குப் பின் வந்தவை. 2017, 2018ஆம் ஆண்டுகளில் பெற்றோரின் நண்பர்கள்தான் செலவுக்குக் கைகொடுத்தார்கள் என்று குகேஷே கூறியிருக்கிறார். விமானச் சீட்டு இரண்டு பேருக்கு எடுக்க வேண்டும், பரிசு ஒருவருக்குத்தான்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பிள்ளைகளோடு போட்டிக்குப் போய்வரும் பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகள் கிராண்ட்மாஸ்டர் ஆகப்போவதில்லை. அவர்களுடைய விடுப்புக் கணக்கும் கடன் சீட்டும் பள்ளிக்கு எழுதிய கடிதங்களும் இப்போதே திரட்டப்பட வேண்டும். வாய்மொழி வரலாற்றில் பயிற்சி உள்ள இளம் ஆய்வாளர்கள் வென்றவர்களின் வீடுகளை விட்டுவிட்டு, முதலில் அங்கே போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.