கொங்கணத்துச் செந்தேள்



தேளைப் பூச்சி என்பது பேச்சு வழக்கு. எட்டுக் கால்களுடைய அது உண்மையில் சிலந்திக்கு உறவு. என் இளமையில் எங்கள் ஊரில் எவரையேனும் தேள் கொட்டினால், வேப்பிலைக் கொத்தோடு மந்திரிப்பவர் வருவார். விடிவதற்குள் வலி தணியும். புகழ் அவரைச் சேரும். பெரும்பாலான தேள்களின் நஞ்சு தானே அடங்குவது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். ஓர் இரவு மட்டும் மந்திரம் பலிக்கவில்லை. ஒரு சிறுமி வியர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, கைகால் சில்லிட்டு இறந்தாள். விதி என்றார்கள்.

அது செந்தேளாக இருந்திருக்க வேண்டும். 1798இல் ஃபாப்ரிசியஸ் அதற்கு இட்ட பெயரில் தமிழரைக் குறிக்கும் 'டாமுலஸ்' என்னும் சொல் உண்டு. விரும்பத்தக்க பெருமையன்று!

அதன் கொடுமை மிகுந்த இடங்களுள் ஒன்று மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதி. 1927இல் அம்பேத்கர் குளத்து நீருக்காக அறப்போர் நடத்திய மகாட் வட்டாரத்திற்கு, 1976இல் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் என்ற இளம் மருத்துவர் வந்தார். வயலிலும் வைக்கோலிலும் கொட்டுண்ட உழவர்கள் அவர் கண்முன்னே மடிந்தனர். நூல்கள் கைகொடுக்கவில்லை. அவர் படுக்கையருகே அமர்ந்து, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் இடைவிடாது குறித்துக்கொண்டார். 1982இல் அபாயத்தின் முன்னறிகுறிகளை 'லான்செட்' இதழில் வெளியிட்டார்: வாந்தி, பெருவியர்வை, குளிர்ந்த கைகால்கள். அவற்றை முதன்முறை படித்தபோது, எங்கள் ஊர்த் திண்ணையில் கிடந்த அச்சிறுமியையே கண்டேன்.

காரணம் இதுதான். நஞ்சு நரம்புகளைத் தூண்டி, அட்ரினலின் போன்ற சுரப்புகளை வெள்ளமெனப் பாய்ச்சுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அவற்றை எதிர்த்து உழைத்து இருதயம் தளர்கிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. எனவே குழாய்களைத் தளர்த்தும் மருந்தே தேவை என்று பவாஸ்கர் எண்ணினார். இரத்தக் கொதிப்புக்கு வழங்கிவந்த 'பிராசோசின்' என்னும் மாத்திரையை அவர் எடுத்துக்கொண்டார். அதன் பயனை 1986இல் மனைவி பிரமோதினியுடன் அதே இதழில் எழுதினார். கடுமையாகத் தாக்குண்டோருள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் இறந்த நிலை மாறி, சாவு ஏறத்தாழ ஒன்றாகக் குறைந்தது. அரிய கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு மலிவான மாத்திரையும் விழித்திருக்கும் மருத்துவரும் போதுமாயிருந்தன.

நச்சு முறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி இன்னும் விரைவில் தேறுகிறார் என்று 2011இல் அவ்விருவரும் காட்டினர். எனினும் இவையெல்லாம் நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்தவர்க்கே. கொட்டிய இடத்தில் வலி மட்டும் இருந்தால் குளிர்ந்த ஒத்தடம் போதும். வியர்வையும் வாந்தியும் தோன்றிவிட்டால், மந்திரிப்பவர் வரும்வரை காத்திராமல் உடனே வண்டி பூட்ட வேண்டும்.