குமாரசுவாமி வீட்டு ஊசி

அளவெட்டி எண்டால் அடுத்த சொல் தவில். தவிலுக்குத் தெட்சணாமூர்த்தி, நாதஸ்வரத்துக்குப் பத்மநாதன், கவிதைக்கு மஹாகவி எண்டு ஊர்க்காரர் பெயர்களை அடுக்குவினம். அடுக்கட்டும், எல்லாம் உண்மைதான். ஆனால் "இஞ்ச கலை செய்த பொம்பிளையள் ஆர்?" எண்டு கேட்டால் கதை கொஞ்சம் நிண்டு போகும். பதில் யோசிப்பவரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் ஒரு குறொஸ் ஸ்ரிச் மயில் தொங்கிக்கொண்டிருக்கும். அலுமாரிக்குள் அம்மம்மா பூப்போட்டுத் தைத்த மேசைவிரிப்பு இருக்கும். கட்டிலில், பழஞ்சீலைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓரம் பிடித்துத் தைத்த போர்வை கிடக்கும். அதெல்லாம் கணக்கில் வராது. தவில் கலை, தையல் வேலை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்த்த ஒருத்தியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். அவர் அளவெட்டிக்காரி இல்லை, தமிழச்சியும் இல்லை. ஆனால் எங்களுக்கு நல்லாத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர்.

அளவெட்டியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான் மருதனார்மடம். அங்கே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி இருக்கிறது. பக்கத்தில் அவருடைய பெயரால் வந்த நுண்கலைப் பீடமும் இருக்கிறது. இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக் குமாரசுவாமி. அந்த மாமன்ர மகன்தான் ஆனந்தக் குமாரசுவாமி, முறையில் இராமநாதனுக்கு மச்சான். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயப் பெண். 1877 இல் கொழும்பில் பிறந்த ஆனந்தா, இரண்டு வயதிலேயே தகப்பனை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, புவிச்சரிதவியல் படித்தார். நடராசர் வடிவம் பற்றி அவர் எழுதியதை வாசிக்காதவர்களுக்கும் அவருடைய பெயர் தெரியும். கொழும்பில் அவருடைய பெயரில் ஒரு றோட்டே இருக்கிறது.

1902 இல் அவர் கலியாணம் செய்த பெண் எதெல் பார்ட்றிட்ஜ். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பார்ன்ஸ்ரபிள் என்ற சின்னப் பட்டினத்தில், மருந்துக்கடைக்காரர் ஒருவருக்கு 1872 இல் மகளாகப் பிறந்தவர். பியானோ படித்து, வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து உழைத்துக்கொண்டிருந்தவர். நெசவு அப்போது அவருக்குத் தெரியாது.

1903 இல் இரண்டு பேரும் இலங்கைக்கு வந்தார்கள். கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளர் வேலை ஆனந்தாவுக்கு. பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குப் போவது அந்த வேலையின் பகுதி. எதெலும் கூடவே போனார், கையில் கமராவோடு. கல்லைத் தேடிப் போன இடத்தில் இரண்டு பேரும் கண்டது தட்டார்களை, குயவர்களை, பாய் இழைப்பவர்களை, தைப்பவர்களை. அதில் எதெலின் கண் போய் நிண்ட இடம் ஊசியும் நூலும்.

கண்டியப் பகுதித் தையல் எப்படியிருந்தது எண்டு கொஞ்சம் சொல்ல வேணும். கையால் நெய்த தடித்த பருத்தித் துணி, பெரும்பாலும் வெள்ளை அல்லது நீலம். அதன்மேல் சிவப்பிலும் நீலத்திலும் பருத்தி நூல். சங்கிலித் தையலில் கொடியும் பூவும் இலையும் ஓடும். இப்படித் தைத்ததில் பேர்போனது வெற்றிலைப் பை. மடியில் செருகிக்கொண்டு போகிற ஒரு பைக்கு இவ்வளவு வேலைப்பாடா எண்டு படங்களைப் பார்க்கேக்க எங்களுக்கு வியப்பாக இருந்தது. இன்னொரு வகை, துணியின்மேல் துணியை வெட்டி வைத்துத் தைக்கிறது. கோயில் கொடிகளும் மேல்விதானங்களும் அப்படிச் செய்தவை. எங்கட தேர்ச்சீலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒட்டுத் துணி ஏழ்மையின் அடையாளம் மட்டும் இல்லை, சாமிக்கு முன்னாலயும் அதுதான் தொங்கினது.

இந்தப் பயணங்களிலிருந்து வந்த புத்தகம் "மத்தியகாலச் சிங்களக் கலை". 1907 இல் இங்கிலாந்துக்குத் திரும்பி, புறோட் காம்ப்டன் என்ற ஊரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தைத் திருத்தி வீடாக்கி, அந்த வீட்டிலேயே அச்சடித்தார்கள். வில்லியம் மொறிஸ் பாவித்த கை அச்சு இயந்திரம், 15 மாதம் வேலை, மொத்தம் 425 பிரதி. தையல் பற்றிய பகுதி எதெலின் வேலையிலிருந்து வந்தது. படங்களில் பல அவர் எடுத்தவை. முன்பக்கத்தில் இருந்த பெயர் ஒன்றுதான்: ஆனந்த குமாரசுவாமி.

ஆனந்தாவைக் குறை சொல்லுறதுக்காக இதை எழுதவில்லை. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம் எண்டு சொல்லுவினம், அதுவும் சரி. ஆனால் தைத்த பெண்களின் பெயரும் அந்தப் பக்கங்களில் அதிகம் இல்லை, அதைப் பார்த்து எழுதின பெண்ணின் பெயரும் பின்னுக்குப் போய்விட்டது. ஒரே புத்தகத்துக்குள் இரண்டு அடுக்கு மறதி.

1910 அளவில் அந்தக் கலியாணம் முறிந்தது. ஆனந்தா அலிஸ் றிச்சட்சன் என்ற பாடகியோடு வாழத் தொடங்கினார். அவ பிறகு இரத்தன் தேவி எண்ட பெயரில் இந்தியப் பாட்டுக்கள் பாடிப் புகழ்பெற்றா. எதெல் திரும்பி டெவனுக்குப் போனார். வயது நாற்பதுக்குக் கிட்ட.  அங்கேதான் நூற்கவும் சாயம் போடவும் தொடங்கினார், பிறகு தறி. வாழ்க்கை உடைந்த இடத்தில் நெசவு ஆறுதல் தந்தது எண்டு எழுதினால் சினிமாக் கதை மாதிரி இருக்கும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. இலங்கையில் நாலு வருசம் மற்றப் பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்ப தன்ர கையைப் பாவிச்சார். அவ்வளவுதான்.

1913 இல் பிலிப் மேரே என்ற வரைஞரைக் கலியாணம் செய்தார். கலையுலகம் அவரை அறிந்தது அந்தப் பெயரில்தான்: எதெல் மேரே. இரண்டாவது பெயரும் ஒரு கணவரின் பெயர்தான், என்ன செய்யிறது. டிச்லிங் என்ற ஊரில் வீடும் தறிக்கூடமும் சேர்ந்த ஒரு கட்டடத்தைக் கட்டி, அதற்கு "கொஸ்பல்ஸ்" எண்டு பெயர் வைத்து, முப்பது வருசத்துக்கு மேல் நெய்தார். அவரிடம் பழகியவர்களில் எலிசபெத் பீக்கொக், மரியான் ஸ்ற்றாவ்ப், பீற்றர் கொலிங்வூட் என்று பின்னாளில் பேர்பெற்ற நெசவுக்காரர் பலர். 1937 இல் பிரித்தானியாவின் தொழில்துறைக்கான அரச வடிவமைப்பாளர் என்ற கௌரவம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 1952 இல் காலமானார்.

அவருடைய துணியில் சிக்கலான கோலம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் ஊடும் பாவும் ஒன்றுவிட்டு ஒன்று போகிற சாதாரண நெசவு. வித்தை முழுக்க நூலில். ஒரு இழை தடிப்பு, ஒரு இழை மெல்லிசு, கம்பளியோடு பருத்தி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவப்பு. துணியைத் தொட்டுப் பார்த்தால்தான் விளங்கும் எண்டு அவரிடம் படித்தவர்கள் சொல்லுவதில் ஆச்சரியம் இல்லை. கைத்தறிக்காரி எண்டதுக்காக மெசினை வெறுத்தவரும் இல்லை. 1939 இல் எழுதிய புத்தகத்தில், கைத்தறி ஆலைகளுக்கு ஒரு பரிசோதனைக்கூடமாக இருக்க வேணும் எண்ட பக்கம் நிண்டார்.

அந்தச் சிவப்புத்தான் எங்களைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவருகிறது. 1916 இல் அவர் தாவரச் சாயங்கள் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எந்த வேர், எந்த இலை, படிகாரம் எவ்வளவு, எவ்வளவு நேரம் கொதிக்க வேணும் எண்டு சமையல் குறிப்பு மாதிரி எழுதினது. அதில் சிவப்புக்கு முக்கியமானது ஐரோப்பாவில் விளைந்த மஞ்சிட்டி இனச் செடியின் வேர். அந்த வேரில் இருக்கிற அலிசரின் என்ற சாயப்பொருள் எங்கட சாயவேரிலும் இருக்கிறது. இம்பூறல் எண்டு சொல்லுற அதே செடிதான். ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் தீவுகளிலும் தோண்டின சாயவேரில் யாழ்ப்பாணத்துத் துணி சிவந்தது. மணலில் அந்த வேரைக் கட்டாய ஊழியமாகத் தோண்டினது ஒடுக்கப்பட்ட சாதிச் சனம். "எங்கட பாரம்பரியச் சாயம்" எண்டு பெருமை பேசுறவை இதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

1868 இல் ஜேர்மனியில் கிறேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துவிட்டார்கள். கொஞ்ச வருசத்தில் ஐரோப்பாவில் அந்த வேர் பயிரிடுவதே நிண்டு போனது. இஞ்சயும் சாயவேருக்கு மதிப்புப் போனது. எதெல் தன் புத்தகத்தை எழுதினது அதற்கு ஏறக்குறைய ஐம்பது வருசத்துக்குப் பிறகு, போன கைப்பழக்கத்தைத் தேடிப் பிடித்து. யாழ்ப்பாணத்துச் சாயக்காரர் எப்படிப் படிகாரம் போட்டார்கள், எத்தனை தரம் காய வைத்தார்கள் எண்டு அந்தக் காலத்தில் ஒரு எதெல் வந்து எழுதி வைத்திருந்தால்! அவர்கள் செய்த புத்தகம் கண்டியப் பகுதியைப் பற்றியது. ஆனந்தாவின் தகப்பன் வழி உறவு இருந்த எங்கட பக்கத்தை அது தொடவில்லை.

இதை நாங்கள் பெரிய இழப்பாகத்தான் நினைக்கிறோம். உடுவிலில் அமெரிக்க மிசன் 1824 இல் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கின காலத்திலிருந்து வலிகாமத்துப் பெண்கள் ஊசியைப் பள்ளிக்கூடத்திலும் படித்தார்கள். அதற்கு முதலே வீட்டில் படித்தார்கள். ஆனால் துணி, செப்பு மாதிரியோ கல்வெட்டு மாதிரியோ கிடக்காது. சீலை பழசானால் ஏணையாகும். ஏணை கிழிந்தால் போர்வைக்குள் போகும். கடைசியில் அடுப்படியில் சூட்டுச் சட்டி இறக்குற பிடித்துணி. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் எழும்பிப் போனபோது சீலைதான் பொட்டலி, சீலைதான் மறைப்பு, சீலைதான் பிள்ளைக்குத் தொட்டில். திரும்பி வந்தவர்களிடம் தைத்த துணி மிஞ்சியிருந்தால் அது அதிர்ஷ்டம். போருக்குப் பிறகு தையல் திரும்பவும் வந்தது, வாழ்வாதாரத் திட்டத்துத் தையல் மெசினாக, கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையாக. உழைப்புக்கு அது வேணும், மறுக்கேல்ல. ஆனால் அங்கே தைக்கிற பிள்ளை தைக்கிற வடிவம் அவளுடையது இல்லை.

வேறு இடத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பென்ட் எண்டு ஒரு ஊர், அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததி வாழ்கிற இடம். அங்கத்தைய பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து ஒட்டுப்போர்வை தைத்தார்கள், குளிருக்கு. 2002 இல் அந்தப் போர்வைகள் நியூயோர்க்கில் விற்னி அருங்காட்சியகத்துச் சுவரில் தொங்கின, ஒவ்வொன்றுக்கும் கீழே தைத்தவரின் பெயரோடு. அதே துணி, அதே தையல். பக்கத்தில் பெயர் வந்ததும் பார்க்கிறவரின் கண் மாறிவிட்டது. (விலையும் மாறினது, அதனால் வழக்குகளும் வந்தன. அது தனிக் கதை.)

எதெலின் நெசவுகளும் தாள்களும் இன்றைக்கு ஃபார்ன்ஹாமில் ஒரு கைவினை ஆய்வு மையத்திலும் டிச்லிங் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவருடைய முதல் கணவரின் பெயர் உள்ள கொழும்பு றோட்டில் தேசிய கலாபவனம் இருக்கிறது. இராமநாதனின் பெயர் மருதனார்மடத்தில் இருக்கிறது.

இதை எழுதத் தொடங்கினபோது அளவெட்டியில் ஒரு வீட்டில் அந்தப் போர்வையை விரித்துப் படம் எடுத்தோம். ஐந்து சீலை அடுக்கு, ஓரம் முழுக்கக் கறுப்பு நூல், ஒரு மூலையில் மட்டும் சிவப்பு. ஏன் அம்மம்மா இதில நிறம் மாத்தினீங்கள் எண்டு கேட்டோம். கறுப்பு முடிஞ்சுபோச்சு பிள்ளை எண்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, படத்தை மறுபடி காட்டச் சொல்லிப் பார்த்திட்டு, "இல்லை, பச்சையும் இருந்தது, சிவப்புத்தான் வடிவு எண்டு எடுத்தனான்" எண்டா.