பிரேக்கும் ரேடியேட்டரும்: பழைய பிக்கப்பில் கிடக்கும் எங்கட வரலாறு

மட்டக்களப்பு வரலாறு என்று தேடினால் முதலில் கோட்டை வரும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. பிறகு பாடுமீன், கல்லடிப் பாலம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பாலத்தால நெல்மூட்டையும் மீன்பெட்டியும் ஏற்றிப் போன வாகனங்களுக்கும் ஒரு வரலாறு இருக்கு. அது கராஜ்களில், ஒயில் பிடித்த கைகளில்தான் கிடக்கு. புத்தகத்தில் இல்லை.

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள், ஸ்பனர் பிடித்துப் பழகியவர்கள் இல்லை. ஆனாலும் பழைய பிக்கப்பின் இரண்டு பாகங்களை மட்டும் எடுத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்: பிரேக், எஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர்த் தொகுதி. ஏன் இந்த இரண்டு? ஒரு வாகனத்தில் ஊர் வந்து படுகிற இடங்கள் இவைதான். மலையும் சுமையும் வேகமும் பிரேக்கில் படும். வெயிலும் காற்றும் கிணற்றுத் தண்ணியும் ரேடியேட்டரில் படும். அதனால் இந்த இரண்டிலும் எங்கட ஆட்கள் என்னத்தை மாற்றினார்கள் என்று பார்த்தாலே, ஊர் எப்படி மாறியது என்று பாதி தெரிந்துவிடும்.

தகடு சொல்லும் வயது

பழைய வாகனத்தின் வயதை எங்கட நாட்டில் இலக்கத்தகடே சொல்லிவிடும். ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது 1957க்கு முந்தினது. அதற்குப் பிறகு சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதை மாற்றித் தமிழ் ஸ்ரீ எழுதும் போராட்டத்தைத் தமிழரசுக் கட்சி நடத்தியது. 1958 வன்செயல்களைப் பற்றி வாசிக்கிற எவரும் இந்தத் தகட்டுக் கதையைத் தாண்டிப் போக முடியாது. வாகனம் அரசியலுக்கு வெளியில் நின்ற பொருள் இல்லை என்பதற்கு அந்த ஓர் எழுத்தே போதும்.

அந்தத் தகடுகளோடு வந்தவற்றில் ஒன்று மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். அதன் பிக்கப் வகை 1953இல் வந்தது. நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். அந்நியச் செலாவணிப் பஞ்சம், இறக்குமதிக் கட்டுப்பாடு என்று நாடு இறுகிக்கிடந்த 1960களிலும் 70களிலும் புது வாகனம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. இருந்ததைத்தான் ஓட்ட வேணும். 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்து குவிந்தன. டட்சன் 1200 பிக்கப் அந்தக் குடும்பம். 1171 சி.சி. எஞ்சின், சின்னச் சக்கரம், பெட்டி நிறையச் சுமை. இதற்கும் முன்சக்கரத்தில் ட்ரம்தான். நிசான் இந்தப் பிக்கப்புக்கு முன் டிஸ்க் கொடுத்தது 1980களின் கடைசியில்.

சமதரைக்கு ஏன் நல்ல பிரேக்?

மட்டக்களப்பு ஒரு மேசை மாதிரிச் சமதரை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரண்டிலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அப்ப பிரேக்கைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை?

பதில் செங்கலடிச் சந்தியில் இருக்கு. அங்கிருந்து மேற்கே திரும்பும் பதுளை வீதி கரடியனாறு, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறி மலைநாட்டுக்குப் போகும். இன்னொரு வழி மகியங்கனை ஊடாகக் கண்டிக்கு, பேர்பெற்ற 18 வளைவுகளோடு. நெல்லும் கருவாடும் மேலே போகும், மரக்கறி கீழே வரும். கடல்மட்டத்து ஊரில் இருந்து புறப்படும் பிக்கப் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கும் பதுளையைத் தொட வேணும். ஏறும்போது ரேடியேட்டருக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை.

ஒரு சின்னக் கணக்கு. சுமையோடு 1,500 கிலோ எடையுள்ள பிக்கப் 600 மீற்றர் உயரத்தில் இருந்து இறங்குது என்று வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிவரும் சக்தி, சாதாரண சூட்டில் இருக்கிற 30 லீற்றர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகக் காணும். அதில் ஒரு பகுதியைக் கியரும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்கப் பிரேக்குக்குத்தான் போகும். ட்ரம் என்பது மூடிய சட்டி மாதிரி, சூடு உள்ளேயே நிற்கும். லைனர் சூடேறினால் பிடிமானம் குறையும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். புது டொட் 3 ஒயில் கொதிக்க 205 பாகை வேணும், ஈரம் ஏறினதுக்கு 140 போதும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடல் தரை வரைக்கும் போகும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஈரக்காற்றில் வருடக்கணக்காக ஒயில் மாற்றாமல் நிற்கிற வாகனம் திடீரென்று பசறை இறக்கத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் மலைக்குப் போகிற வாகனமும் ஊருக்குள் ஓடுகிற வாகனமும் ஒரே மொடலாக இருந்தாலும் ஒரே வாகனம் இல்லை. பிரேக் மாற்றம் என்பது சந்தைக்குப் போகிற வழி மாறினதன் அடையாளம்.

தண்ணி குடிக்கிற வாகனம்

குளிரூட்டலின் கதை இன்னும் பழசு. ஃபோர்ட் டி மொடலிலும் தொடக்க கால மைனரிலும் தண்ணீர்ப் பம்ப் இல்லை. சூடான தண்ணி தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்து கீழே இறங்கும், அவ்வளவுதான். இங்கிலாந்துக் குளிருக்கு அது காணும். மே மாதம் தொடங்கிக் கச்சான் காற்று அடிக்கிற ஊருக்கு? தென்மேற்கில் இருந்து மலையைத் தாண்டி வந்து ஈரமெல்லாம் போன சுடுகாற்று அது. பின்பக்கத்தால அடித்தால் ரேடியேட்டருக்குள் காற்றே போகாது.

பிறகு பம்ப் வந்தது, அழுத்த மூடி வந்தது. மூடி என்றால் சும்மா மூடி இல்லை. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணி 100இல் கொதிக்காது, ஏறத்தாழ 110 பாகை வரைக்கும் தாங்கும். 13 இறாத்தல் என்றால் 119 அளவுக்குப் போகும். ஆனால் பழைய ரேடியேட்டருக்குப் பெரிய மூடி போட்டால் அழுத்தம் ஒட்டுகளை வெடிக்க வைக்கும். முதலில் உள்ளே சுத்தம் பண்ண வேணும், தேவையென்றால் கோரை மாற்ற வேணும், ஹோஸைப் புதுசாக்க வேணும். மூடி கடைசியில்தான்.

எங்கட ஊருக்கு இதில் தனி வில்லங்கம் ஒன்று இருக்கு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்துக் கிணற்றுத் தண்ணி வெயில் காலத்தில் சவராகும். வழியில் வண்டி 'தண்ணி குடிக்குது' என்றால் கையில் கிடைக்கிற தண்ணியைத்தானே ஊற்றுவோம்? அந்த உப்பும் சுண்ணமும் குழாய்க்குள் படிந்து, ரேடியேட்டர் வெளியே முழுசாக இருக்க உள்ளே பாதி அடைபட்டுவிடும். சூடு ஏறும், இன்னும் தண்ணி ஊற்றுவோம், இன்னும் அடைபடும். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கும். எங்கட ஊரில் அந்த இரண்டாவது வேலைதான் பெரிய வேலை.

சூடு என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிற பழக்கமும் இருக்கு. கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடும், பெற்றோல் கூடச் செலவாகும், ஒயில் கெடும். நோயை விட்டுவிட்டு நாடி பார்க்கிறவரைத் துரத்துகிற வேலை அது.

பாதை மூடின காலம்

மண்முனையிலும் அம்பிளாந்துறையிலும் வாவியைக் கடக்கிற படகை நாங்கள் 'பாதை' என்றுதான் சொல்வோம். போர்க்காலத்தில் அந்தப் பாதையும் மூடும், வீதியும் மூடும். செங்கலடியில் கறுப்புப் பாலத்தோடு ஓர் ஊர் முடிந்து இன்னோர் ஆட்சி தொடங்கும். எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. 2007 வரை படுவான்கரையின் வாழ்க்கை இதுதான்.

வடக்கில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கதை எல்லாருக்கும் தெரியும். அதற்குள் ஒரு குளிரூட்டல் பாடம் இருக்கு. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, அதற்குச் சூடான எஞ்சின் வேணும். மண்ணெண்ணெய் வகையில் ஓடின பழைய பிரித்தானிய உழவு இயந்திரங்களில் ரேடியேட்டருக்கு முன்னால் மறைப்பு வைத்ததும் இதற்குத்தான். சமாதான காலத்தில் எஞ்சினைக் குளிர வைக்கப் பாடுபட்ட அதே கைகள், தடைக் காலத்தில் சூடாக வைத்திருக்கப் பாடுபட்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், எஞ்சின் தேயும். தெரிந்துதான் ஓட்டினார்கள். வேறு வழி?

கார்பெட் வீதியில் பழைய பிரேக்

போர் முடிந்து வீதிகள் கார்பெட் ஆயின. கல்லடியில் 2013இல் புதுப் பாலம், மண்முனையில் 2014இல் பாலம். நல்ல விசயம்தான், நோயாளியோடு பாதைக்குக் காத்துக்கிடந்த தலைமுறைக்குக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வீதி மாறின வேகத்துக்கு வாகனம் மாறல்ல. கிறவல் வீதியில் 40இல் போன பிக்கப் இப்ப 70இல் போகுது. வேகம் ஒன்றே முக்கால் மடங்கு, நிறுத்த வேண்டிய சக்தியோ மூன்று மடங்கு. ட்ரம்மின் அளவு அதேதான்.

இன்னொன்று. இந்தப் பழைய வாகனங்களில் பிரேக் ஒயில் ஒரே சுற்றில் ஓடும். எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து ஓட்டையானால் நான்கு சக்கரமும் கைவிடும். ஐஸ் தண்ணி சொட்டச் சொட்ட மீன் ஏற்றுகிற பிக்கப்பின் பின்குழாய் என்ன நிலையில் இருக்கும்? சுற்றை இரண்டாகப் பிரிக்கிற மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்காவில் 1960களின் கடைசியில் சட்டமானது. எங்களிடம் ஓடுகிற பழைய வாகனங்களுக்கு அது உரிமையாளரின் மனச்சாட்சி. 2008இல் இருந்து வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை வேணும். புகை பார்க்கிற மெஷின் பிரேக் பார்க்காது.

அதனால் ஒழுங்கும் முக்கியம். முதலில் குழாயும் ஒயிலும். இரண்டாவது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். மைனரில் பழையது சாரதியின் கால்மிதிக்குக் கீழே ஒளிந்து கிடக்கும், புதியதற்கு இடம் தேட வேணும். மூன்றாவதுதான் முன் டிஸ்க். டட்சனுக்கு அதே குடும்பத்துச் சன்னி கார்களின் சாமான் உதவும். டிஸ்க் போட்டால் ட்ரம்முக்கென்று மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கிற மீதி அழுத்த வால்வை எடுத்தாக வேணும், இல்லாட்டி பிரேக் இழுத்துக்கொண்டே நிற்கும். பெடல் இறுக்கமாகும், பூஸ்டர் தேவைப்படும். மின்விசிறி பூட்ட நினைத்தால் பழைய டைனமோ தாங்குமா என்று முதலில் பார்க்க வேணும். ஒன்றை மாற்றினால் மற்றது கேட்கும்.

எது அசல்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய பிக்கப்கள் திரும்பவும் பொன்னாகின. கூடவே 'அசல்' பைத்தியமும் வந்தது. ஒரு ஆணியும் மாற்றாததுக்குத்தான் மதிப்பாம். டிஸ்க் போட்டால் கெடுத்துப் போட்டார்கள் என்கிறார்கள்.

இதோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் மையம் நடத்தின சார்ல்ஸ் வெயார், காரைத் தொடர்ந்து திருத்தி மேம்படுத்தி நீண்ட காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். 1990களில் இலங்கையின் தெற்கில் மைனர் உதிரிப்பாகம் செய்யும் கூட்டுத் தொழிலுக்கும் அவர் காரணமானார். மைனரின் தாய்நாட்டுக்கே இங்கிருந்து பாகம் போனது. திருத்தத் தெரிந்த நாடு என்ற பேர் எங்களுக்குச் சும்மா வரல்ல.

தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கிற பிக்கப், தொழிற்சாலையின் வரலாற்றைத்தான் சொல்லும். இடையில் கோர் மாற்றின ரேடியேட்டர், வேறு வாகனத்து மாஸ்டர் சிலிண்டர், யாரோ கையால் வளைத்த குழாய், இவைதான் மலைக்குப் போன பயணத்தையும் பாதை மூடின வருடங்களையும் சொல்லும். ஆட்களை ஏற்றுகிற வாகனத்தின் பிரேக்கை 'அசல்' என்ற பேரில் பழுதாக விட்டுவைப்பது வரலாற்றுப் பற்று இல்லை.

ஒன்று மட்டும் செய்யலாம். என்ன கழற்றினது, என்ன பூட்டினது, எப்ப, யார், ஏன் என்று ஒரு கொப்பியில் எழுதி வாகனத்துக்குள்ளேயே வையுங்கள். கழற்றின பாகத்தையும் இரும்புக்கடைக்குக் கொடுக்காமல் ஒரு பெட்டியில் போடுங்கள். உங்கட ஊர்க் கராஜில் வயதான மெக்கானிக் ஒருவர் இருந்தால், இந்த மாதமே போய்க் கேட்டு எழுதுங்கள்: மலைக்குப் போக முதல் என்ன செய்தீங்க, சாமான் இல்லாத காலத்தில் எதை வெட்டி எதுக்குப் பூட்டினீங்க? அந்தப் பதில்கள் எந்த ஆவணக்காப்பகத்திலும் இல்லை.