மரக்காணத்து உப்பு: காய்ஞ்சதை மறுபடி காய வைக்கிற கதை

ஈ.சி.ஆர் வழியா பாண்டிச்சேரி போற நம்மள்ல பாதிப் பேருக்கு மரக்காணம்னா டீ குடிக்க நிறுத்துற ஊர். ரோட்டோரம் குவிஞ்சு கிடக்கிற உப்பை ஒரு போட்டோ எடுத்துட்டு வண்டியைக் கிளப்பிடுவோம். நானும் அப்படித்தான். போன மாசம் பைக் பங்க்ச்சர் ஆகி ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டியதாப் போச்சு. இந்தப் பதிவு அந்த ஆணிக்கு சமர்ப்பணம் :-)

ஊர் ரொம்பப் பழசு. சிறுபாணாற்றுப்படையில வர்ற எயிற்பட்டினம் இதுதான்னு பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. கிரேக்க மொழியில எழுதின பெரிப்ளூஸ் குறிப்புல வர்ற 'சோபட்மா' துறைமுகமும் இதுவேதான்னு ஒரு கட்சி. உப்பளத்துக்குப் பழைய பேர் அளம். அளத்து உப்பை மாட்டு வண்டியில ஏத்திக்கிட்டு உள்நாட்டுக்குப் போய், நெல்லுக்கு மாத்தின உமணர்கள் சங்கப் பாட்டுகள்ல அடிக்கடி வருவாங்க.

செய்முறை அப்போ எப்படியோ, இன்னைக்கும் அடிப்படை வெயிலும் காத்தும்தான். ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கு, அதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல நம்ம சாப்பாட்டு உப்பு. தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி வத்த விடுவாங்க. முதல்ல சுண்ணாம்பு, ஜிப்சம் எல்லாம் அடியில படியும். அப்புறம் உப்பு பூக்கும். இன்னும் விட்டா மக்னீசியம் சேர்ந்து கசக்கும், அதனால அதுக்கு முன்னாடியே மிச்சத் தண்ணியை வடிச்சிடணும். நாம காலேஜ்ல லேப் வச்சுப் படிச்ச பிரிப்பு வேலை. இங்க ஒரு அம்மா தண்ணி நிறத்தைப் பார்த்தே சொல்லிட்டாங்க, "இன்னும் ரெண்டு நாள் ஆவும் தம்பி"ன்னு. எரிபொருள்னு பார்த்தா தண்ணி இறைக்கிற மோட்டாருக்கு மட்டும்தான்.

இவ்வளவு சல்லிசா வர்ற பொருள் மேல அரசாங்கத்துக்குக் கண்ணு படாம இருக்குமா? 1805ல கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாண உப்பைத் தன்னோட ஏகபோகமா ஆக்கிக்கிச்சு. விளைய வச்ச உப்பு அத்தனையும் சர்க்காருக்குத்தான் போகணும். விளைய வச்சவனுக்குக் கொடுத்த கூலிக்குப் பேர் குடிவாரம். சர்க்கார் வித்த விலையோ அதைவிடப் பல மடங்கு. இதைவிடக் கொடுமை ஒண்ணு உண்டு. சதுப்புல யாரும் கை வைக்காமலே தானா பூத்த உப்பை அள்ளினா குத்தம். அதை சிப்பாய்ங்க மண்ணோட மண்ணா மிதிச்சு அழிப்பாங்க. வெயில் சும்மா கொடுத்ததை மனுஷன் காசு செலவழிச்சு வீணாக்கியிருக்கான்!

அதே நூற்றாண்டுல வங்காளத்துல நடந்ததைப் பாருங்க. அங்க ஈரக்காத்து, உப்பை அடுப்பு மூட்டித்தான் காய்ச்சணும். நம்ம கோரமண்டல் கரையோட வெயில் உப்பு அங்கயும் போயிட்டிருந்துச்சு. ஆனா சந்தையைப் பிடிச்சது இங்கிலாந்துல செஷையர் பக்கம் நிலக்கரி எரிச்சுக் காய்ச்சி, லிவர்பூல்ல கப்பல் ஏறி வந்த உப்பு. வங்காளத்து உப்புத் தொழிலே 1860கள்ல படுத்துடுச்சு.

1930ல தண்டி, வேதாரண்யம் எல்லாம் நமக்குத் தெரிஞ்ச கதை. உப்பு வரி போனது 1947 ஏப்ரல்ல. அதோட சுபம் போட்டிருக்கலாம், ஆனா அடுத்த மாற்றம் நம்ம சமையல்கட்டு வழியா வந்துச்சு. 1983ல டாடா பாக்கெட் உப்பு வந்துச்சு. அது உப்புக்கரைசலை நீராவியால வத்த வச்சு எடுக்கிற வகை. கொஞ்சம் கொஞ்சமா 'நல்ல உப்பு'ன்னா மாவு மாதிரி, ஈரமில்லாம உதிரணும்னு ஆயிடுச்சு. அளத்து உப்பும் சுத்திகரிப்பு ஆலைக்குப் போனா கழுவி, அரைச்சு, சூடு காட்டி உலர்த்தணும். வெயில் காய வச்சதை நாம திரும்ப நனைச்சு, திரும்பக் காய வைக்கிறோம். எதுக்கு? டப்பாவோட ஓட்டையில உப்பு சிக்காம விழணுமாம்.

"அயோடின் வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. கண்டிப்பா வேணும். அயோடின் சேர்க்காத உப்பை சாப்பாட்டுக்கு விக்க 1998ல தடை வந்து, 2000ல விலகி, 2006 மே மாசம் திரும்ப வந்துச்சு. அயோடினே விஷம்னு வாட்ஸப்ல சுத்துற கதையெல்லாம் சுத்த உடான்ஸ். ஆனா அயோடினைக் கல்லுப்பு மேலயும் தெளிக்கலாம், தூளாக்கணும்னு அவசியமே இல்லை. இந்த விஷயம் எனக்கே லேட்டாத்தான் தெரிஞ்சுது.

வேலை செய்யுறவங்க நிலைமையை அந்த அம்மா ஒரே வரியில சொல்லிட்டாங்க: "மழை வந்தா எங்களுக்கு சோறு இல்லப்பா." அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அளத்துல வேலை கிடையாது. அந்த மாசங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய்னு தமிழக அரசு 2022ல ஒரு உதவித்தொகை ஆரம்பிச்சுது. மூணு மாசத்துக்கு அது எந்த மூலைக்கு? 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல்ல பாத்தியெல்லாம் வெள்ளத்துக்குள்ள போயிடுச்சு. பக்கத்துல இருக்கிற கழுவேலி 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சர் பட்டியல்லயும் சேர்ந்துச்சு. பறவைக்கு ஒரு அந்தஸ்து கிடைச்சதுல சந்தோஷம்தான்.

பங்க்ச்சர் ஒட்டி முடிச்சு வீடு வந்ததும் தெருமுனைக் கடையில அயோடின் தெளிச்ச கல்லுப்பு பாக்கெட் கேட்டேன். கீழ்த்தட்டுல, தூசி படிஞ்சு இருந்துச்சு. குழம்பு, சாதத்துக்கெல்லாம் இப்போ அதுதான். ஆம்லெட்டுக்கு மட்டும் அம்மா தூள் உப்பை விடமாட்டேங்கறாங்க, பல்லுல கடிபடுதாம்.