மழைக்கு முன் வைப்பரைக் கவனியுங்கள்

வடக்கின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. ஆனால் வைப்பர் றப்பர் பழுதடைவது அதற்கு முந்திய வெயிலில்தான். வெயிலில் றப்பர் இறுகி வெடிக்கிறது. புழுதி அதன் விளிம்பைத் தேய்க்கிறது. மழை இரவில் எதிர் வாகனத்தின் வெளிச்சம் கலங்கிய கண்ணாடியில் பரவினால், வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடோ, விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியோ கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறிகள்

கண்ணாடியில் நீர்க்கோடுகள் எஞ்சுதல், கிறீச்சிடும் சத்தம், துள்ளித் துள்ளி ஓடுதல், சில இடங்கள் துடைபடாமல் விடுபடுதல்.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை ஈரத்துணியால் றப்பரின் விளிம்பையும் கண்ணாடியையும் துடையுங்கள். எண்ணெய்ப் படலம் இருந்தால் சவர்க்கார நீர் போதும். பெற்றோல், மண்ணெண்ணெய் பூச வேண்டாம்; அவை றப்பரைக் கெடுக்கும். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓடவிடாதீர்கள். சிக்கிய மணல் கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல் புது வைப்பர் போட்டாலும் மறையாது. இயன்றவரை நிழலில் நிறுத்துங்கள்.

மாற்றுதல்

பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றுவது நல்லது. பல வாகனங்களில் இரு பக்கமும் ஒரே நீளமல்ல. எனவே இரண்டையும் தனித்தனியே அங்குலத்தில் அளந்து வாங்குங்கள். தண்டை நிமிர்த்தியதும் கண்ணாடிமேல் தடித்த துணியை விரியுங்கள். சுருள்வில்லின் இழுப்பில் வெறுந்தண்டு திரும்பி அடித்தால் கண்ணாடி வெடிக்கும். கொக்கி வகையாயின், பூட்டை அழுத்திப் பழையதைக் கீழ்நோக்கி இழுத்துக் கழற்றுங்கள். புதியதை 'டிக்' என்று பூட்டும்வரை மேலே இழுங்கள். பின்னர் நீர் தெளித்து ஓடவிட்டுப் பாருங்கள்.

சட்டம் உறுதியாக இருந்தால், சில வகைகளில் றப்பரை மட்டும் மாற்றலாம், செலவும் குறையும்.